ஜோபர்க்கில் எட்டு மணி நேர ட்ரான்ஸிட்: பெரியப்பாவை கௌட்ரெயினில் ஏற்றிவிடலாமா?

கேப்டவுன்_செந்தில்
வியாழன், இரவு 9:12

வணக்கம் மக்களே. ஒரு யோசனை வேணும், திட்டாமல் சொல்லுங்கள்.

என் பெரியப்பா, வயது 67. தெற்கு ரயில்வேயில் கார்டாக இருந்து எழும்பூரில் ஓய்வு பெற்றவர். அக்டோபர் மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து துபாய் வழியாக ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) வந்து, அங்கிருந்து போட்ஸ்வானாவின் கேபரோனியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். திரும்பும்போது என்னிடம் பத்து நாள். ஜோபர்க்கின் ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்டில் காலை பத்து மணிக்கு இறங்குகிறார், அடுத்த விமானம் மாலை 6:10. நானோ 1,400 கிலோமீட்டர் தள்ளி கேப்டவுனில். லீவும் கிடையாது.

"ஏர்போர்ட்லயே ஒரு நல்ல நாற்காலியா பாத்து உக்காந்துக்குங்க" என்றேன். அவர் திருப்பிக் கேட்டது: "தில்லையாடி வள்ளியம்மை சமாதி அந்த ஊர்லதானடா இருக்கு? ட்ரெயின் போகுமா?"

எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அந்தப் பெண்ணின் பெயர்தான். முப்பது வருஷம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே டூட்டிக்குப் போன மனுஷன். தனியாக அனுப்பலாமா?

மிட்ராண்ட்_மாமி
வியாழன், இரவு 9:31

கூடாது. அவ்வளவுதான்.

19 வருஷமா இங்க இருக்கேன். பட்டப்பகல்ல ஒரு ஸ்டேஷன் வாசல்ல நின்னு வீட்டுக்காரருக்கு போன் பண்ணிண்டிருந்தேன். ஹலோ சொன்னேன், அடுத்த வார்த்தைக்குக் கையில போன் இல்ல. காதுல கம்மலையும் சேர்த்துப் பிடுங்காதது என் அதிர்ஷ்டம். ஊர் தெரியாத பெரியவர், கையில பாஸ்போர்ட், முகத்துல "நான் புதுசு"ன்னு எழுதி ஒட்டியிருக்கும். எதுக்கு இந்த விஷப்பரீட்சை?

தடம்_நான்கு
வியாழன், இரவு 10:05

மாமி, ரோடு வேற, கௌட்ரெயின் என்கிற இந்த வேக ரயில் வேற. ரெண்டையும் ஒரே உலையில் போட வேண்டாம். பிரிட்டோரியாவிலிருந்து ஜோபர்க்குக்கு எட்டு வருஷமாக அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காவலர்கள், கேமரா. சொல்லப்போனால் கொஞ்சம் ஓவர் கண்டிப்பு.

செந்தில், விவரம் சொல்கிறேன், பெரியப்பாவுக்கும் பிடிக்கும். 2010 ஜூன் 8-ஆம் தேதி, உலகக் கோப்பை தொடங்க மூணு நாள் இருக்கும்போது திறந்தது இந்த ஏர்போர்ட் லைன்தான். மற்றதெல்லாம் பிறகு வந்தது: பிரிட்டோரியா பக்கம் 2011, ஜோபர்க் பார்க் ஸ்டேஷன் 2012. மொத்தம் 80 கிலோமீட்டர், 10 ஸ்டேஷன், வேகம் 160 வரை. டாம்போவில் ஸ்டேஷன் டெர்மினலோடு ஒட்டி மேலே இருக்கிறது. ரோட்டில் கால் வைக்காமல் வண்டி ஏறலாம். சாண்ட்டனுக்கு கால் மணி நேரம். ஏர்போர்ட் வண்டி அதோடு சரி. ரோஸ்பேங்க், பார்க் போக சாண்ட்டனில் மாற வேண்டும், ஸ்டேஷனை விட்டு வெளியே வராமலே. தூங்கிவிட்டாலும் கவலை இல்லை, கடைசி ஸ்டேஷன், எழுப்பி இறக்கிவிடுவார்கள்.

வார நாளா, வார இறுதியா? சனி, ஞாயிறில் வண்டிக்கு வண்டி அரை மணி நேரம். அதைக் கணக்கில் வையுங்கள்.

பெயரை இங்கே நாம் எல்லாரும் 'கௌ' என்றுதான் எழுதுகிறோம். ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள். அது தொண்டையைக் காறுகிற ஒரு 'ஹ'. பெரியப்பா எப்படிச் சொன்னாலும் டிக்கெட் கொடுப்பார்கள்.

விசா_வாத்தியார்
வியாழன், இரவு 10:40

ரயிலைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். இமிக்ரேஷனைத் தாண்டினால்தானே ரயில்?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கே வந்து இறங்கி விசா வாங்க முடியாது, கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பாட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டு போகலாம். பெரியப்பா திரும்பும்போது கேப்டவுன் வருவதால் விசா எடுத்திருப்பார். சரி. ஆனால் அந்த ஸ்டிக்கரில் எத்தனை நுழைவு என்று போட்டிருக்கிறது? ஒரே நுழைவு என்றால், சமாதி பார்க்க வெளியே வந்த அந்த நாலு மணி நேரத்தோடு அது தீர்ந்தது. பத்து நாள் கழித்து கேபரோனியிலிருந்து வரும்போது கவுன்டரில் கைவிரிப்பார்கள். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இதேதான் நடந்தது. அவர்கள் போனது ஷாப்பிங் மால் பார்க்க.

துபாய் வழியாக வருவது நல்லது. நைரோபி, அடிஸ் அபாபா வழியாக வருகிறவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள்.

கேப்டவுன்_செந்தில்
வெள்ளி, காலை 6:50

வாத்தியாரே, காலில் விழுகிறேன். ராத்திரியே போட்டோ அனுப்பச் சொன்னேன். 'மல்டிபிள்' என்று இருக்கிறது. நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. வருவது புதன்கிழமை. பெட்டி நேராக கேபரோனிக்குப் போய்விடும், கையில் ஒரு தோள்பை மட்டும்.

பறக்கும்_பாலா
வெள்ளி, காலை 8:15

இதுக்கெல்லாம் இவ்வளவு யோசனையா? சிங்கப்பூர் சாங்கியில் எனக்கு ஏழு மணி நேரம் கிடைத்தது. ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் லைன் மாறினால் நேரா லிட்டில் இந்தியா. வீரமாகாளியம்மன் கோயில் தரிசனம், வாழை இலையில் சாப்பாடு, திரும்பி வந்து ஒரு தூக்கம். துபாயில் டெர்மினல் மூணிலிருந்தே ரெட் லைன். தோஹாவில் மெட்ரோ ஒரு தடவைக்கு ரெண்டு ரியால்தான், நாள் முழுக்க ஆறு ரியால். பெரியவரை துபாயில் இறக்கிச் சுற்றிக் காட்டுங்களேன்?

தடம்_நான்கு
வெள்ளி, காலை 8:22

அண்ணே, வள்ளியம்மை சமாதி துபாயில் இல்லை.

பறக்கும்_பாலா
வெள்ளி, காலை 8:30

ஜோபர்க்கிலும் இல்லையே? அந்தப் பெண் மாரிட்ஸ்பர்க் சிறையில் இறந்ததாகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். நட்டால் பக்கம் அல்லவா? முதலில் ஊரைச் சரிபாருங்கள்.

டர்பன்_பேத்தி
வெள்ளி, பகல் 12:47

எல்லாருக்கும் வணக்கம். நான் டர்பனில் பிறந்தவள். தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலா அண்ணன் சொன்னதில் பாதி சரி. வள்ளியம்மை பிறந்ததே ஜோஹன்னஸ்பர்க்கில்தான், 1898-இல். அப்பா முனுசாமி முதலியார் அங்கே கடை வைத்திருந்தார். தில்லையாடி பெற்றோரின் ஊர். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். அதன்படி கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் இங்கே செல்லாது. எங்கள் ஆயா அதை இப்படிச் சொல்வாள்: "ஒரே நாள்ல எல்லார் தாலியையும் காகிதத்துல அறுத்தான்." அதை எதிர்த்தும், ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்தும், பெண்கள் ஜோபர்க் இருந்த டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி நட்டாலுக்குள் போனார்கள். வள்ளியம்மையும் அம்மா மங்களமும் அதில் இருந்தார்கள். மாரிட்ஸ்பர்க்கில் மூன்று மாதம் கடின வேலையோடு சிறை. காய்ச்சலோடு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தாள். வயது பதினாறு. பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். பக்கத்திலேயே நாகப்பன், 1909-இல் சிறையிலிருந்து வந்து இறந்த பையன். காந்தி இந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன் 1914 ஜூலையில் அங்கே வந்து இரண்டு பேருக்கும் நினைவுக்கல் திறந்தார்.

எங்கள் ஊருக்கு வந்தால் இந்த வசதி இல்லை, வருத்தம்தான். கிங் ஷாகா விமான நிலையம் டர்பனிலிருந்து 35 கிலோமீட்டர், ரயில் கிடையாது. ஆனால் கார் இருந்தால் வெருலம், டோங்காட், மவுன்ட் எட்ஜ்கோம்ப் எல்லாம் பக்கம், எல்லாம் பழைய கரும்பு ஊர்கள், எங்கள் கோயில்கள் அங்கேதான். 1860 நவம்பர் 16-இல் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் இந்தியக் கூலிகளோடு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. நேராகக் கடலோரம் போய் நின்றால் போதும் என்பவர்களுக்கு ஊபர் இருக்கிறது. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சவ் சாப்பிடாமல் போகாதீர்கள். முழு ரொட்டி கேட்காதீர்கள், கால் ரொட்டியே தாங்காது.

பறக்கும்_பாலா
வெள்ளி, பகல் 1:10

தங்கச்சி, உங்க தமிழுக்கு முன்னாடி நான் வாயை மூடிக்கறேன்.

எகோலி_ராஜா
வெள்ளி, மாலை 5:34

இதில் எல்லாரும் விட்டது அந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டர். ஏர்போர்ட்டிலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை குழந்தை கூடப் போகும். பார்க்கிலிருந்து கல்லறைத் தோட்டம்தான் சிக்கல். மேப்பில் நடக்கிற தூரம் மாதிரித் தெரியும். நடக்கக் கூடாது. பார்க்கில் கௌட்ரெயின் வாசல் ஒன்று, பழைய மெட்ரோரெயில் வாசல் வேறு, நடுவில் தூரப் பஸ்கள், மினிபஸ் டாக்ஸிகள், ஆயிரம் பேர். அந்த டாக்ஸியில் ஏறவே ஒரு கைப்பாஷை தெரியணும். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் டவுனுக்கு, கீழே காட்டினால் அதே ஏரியாவுக்குள். நான் தினம் அதில்தான் போகிறேன், ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் தடவை வருகிற பெரியவருக்குச் சொல்ல மாட்டேன். காசை முன்சீட்டுக்குக் கைமாற்றி அனுப்பி, மீதியைப் பயணிகளே கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும் கூத்து அவருக்குப் பிடிக்கும்தான்.

என் யோசனை: பார்க்கில் இறங்கி ஸ்டேஷன் உள்ளேயே நின்று ஆப் டாக்ஸி கூப்பிடட்டும்.

மிட்ராண்ட்_மாமி
வெள்ளி, மாலை 6:02

பார்க் வேண்டவே வேண்டாம் ராஜா. அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டேள்னா ரோஸ்பேங்க்ல இறங்கட்டும், பார்க்குக்கு முந்தின ஸ்டேஷன். தெரு தாண்டினா மால், வெளிச்சம், பாத்ரூம், வைஃபை. அங்கேருந்து டாக்ஸிக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டுமே. ஆப் டாக்ஸிக்காராளுக்கும் பழைய மீட்டர் டாக்ஸிக்காராளுக்கும் கௌட்ரெயின் ஸ்டேஷன் வாசல்கள்ல அடிதடியே நடந்திருக்கு. அதனால மால் பக்கம் போய்க் கூப்பிடறது உத்தமம். டிரைவரைக் காத்திருக்கச் சொல்லணும், அங்கேயே இறக்கிட்டுப் போகவிடப்படாது. கல்லறைக்குள்ள தனியா அலையறதுதான் எனக்குப் பிடிக்கல. டிரைவரையும் கூட அழைச்சுண்டு போகச் சொல்லுங்கோ, ஐம்பது ராண்ட் கூடக் கொடுத்தா சந்தோஷமா வருவார்.

எகோலி_ராஜா
வெள்ளி, மாலை 6:09

மாமி மசிந்துட்டாங்க! சரி, ரோஸ்பேங்க்குக்கு நானும் ஓட்டுப் போடறேன்.

மிட்ராண்ட்_மாமி
வெள்ளி, மாலை 6:11

மசியல. போறவாளை நிறுத்த முடியலன்னா வழியாவது சரியா சொல்லணுமோல்லியோ.

தடம்_நான்கு
வெள்ளி, இரவு 8:40

காசு விஷயம். கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டையே கேட்டில் தட்டிப் போகலாம், தனி கார்டு வேண்டாம். ஆனால் ஏறினபோது தட்டின அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஏர்போர்ட் ஸ்டேஷனில் ஏறினாலும் இறங்கினாலும் கட்டணம் எகிறும், சாண்ட்டனுக்கு ஒரு வழிக்கு 200 ராண்டுக்கு மேல். அடுத்த ஸ்டேஷன் ரோட்ஸ்ஃபீல்டிலிருந்து ஏறினால் வெகு குறைவு. அதற்காகப் பெரியப்பாவை ரோட்ஸ்ஃபீல்டுக்கு நடக்கச் சொல்லாதீர்கள்.

முக்கியம்: வண்டியிலும் பிளாட்பாரத்திலும் எதுவும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. தண்ணீர் கூட. சூயிங் கம்முக்கும் அபராதம். புளியோதரைப் பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

விசா_வாத்தியார்
வெள்ளி, இரவு 9:15

நேரக் கணக்கு: பத்து மணிக்கு இறங்கினால் இமிக்ரேஷன் தாண்ட பதினொன்று. கேபரோனி விமானமும் சர்வதேசக் கணக்குதான், மூன்று மணி நேரம் முன்பு திரும்ப உள்ளே இருக்க வேண்டும். ஆக கையில் நாலு மணி நேரம். ஒரே ஒரு இடம் பார்க்கலாம். கான்ஸ்டிடியூஷன் ஹில்லையும் சேர்க்கலாமே என்று யாராவது இப்போது கிளம்புவீர்கள். காந்தியும் மண்டேலாவும் அடைபட்ட கோட்டைச் சிறை, உடைத்த சிறையின் செங்கல்லையே வைத்து அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கே தனியாக ரெண்டு மணி நேரம் வேண்டும். திரும்பி வரும்போது பார்க்கட்டும்.

கேப்டவுன்_செந்தில்
வெள்ளி, இரவு 11:03

முடிவு பண்ணிட்டேன். போகட்டும். ரோஸ்பேங்க், டாக்ஸி, சமாதி, அதே வழியில் திரும்பல். டாக்ஸியை நான் இங்கிருந்தே என் போனில் புக் பண்ணி, வண்டி நம்பரை அவருக்கு அனுப்பிடறேன். மாமி, உங்க நம்பரை தனிச்செய்தியில் தர முடியுமா? அவசரத்துக்கு.

மிட்ராண்ட்_மாமி
சனி, காலை 7:20

அனுப்பிட்டேன். அன்னிக்கு நான் வீட்லதான் இருப்பேன்.

கேப்டவுன்_செந்தில்
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 3:40

எல்லாரும் மன்னிக்கணும், தாமதமாகிவிட்டது. பெரியப்பா பத்திரமாகப் போய், பத்திரமாக வந்து, இப்போது என் வீட்டு பால்கனியில் டேபிள் மவுன்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்.

இறங்கியது 9:50. இமிக்ரேஷனில் ஒரு மணி நேரம். அந்த அதிகாரி "சிட்டியில் என்ன வேலை?" என்று கேட்க, இவர் "என் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன்" என்றாராம். முகவரி கேட்டிருக்கிறார். "பிராம்ஃபோன்டைன் கல்லறை" என்றதும் ஒரு நிமிஷம் இவரைப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிட்டார்.

முதல் கோளாறு கேட்டில். கார்டு தட்டினார், சிவப்பு. மறுபடி, சிவப்பு. ஊர் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டும். அதைத் திறந்திருக்கிறார், ஆனால் 'தட்டிச் செலுத்துவது' என்று அதற்குக் கீழே இன்னொரு பொத்தான் இருப்பதை ரெண்டு பேருமே கவனிக்கவில்லை. கையில் மாற்றி வைத்திருந்த ராண்டில் கௌட்ரெயின் கார்டு வாங்கினார். பிறகு வருகிறவர்கள் ரெண்டு பொத்தானையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த முதல் மெசேஜ் இது: "இது ஸ்டாண்டர்டு கேஜ். 1435. வெளில போற தண்டவாளம் சின்னது." ஆமாம், தண்டவாள அகலம் மில்லிமீட்டரில், இந்த நாட்டின் மற்ற ரயிலெல்லாம் 1067. அடுத்த மெசேஜ்: "ஒரே ஊர்ல ரெண்டு கேஜ் வெச்சு நாங்க பட்ட பாடு இவங்களுக்குத் தெரியல." தாம்பரம் லைனில் மீட்டர்கேஜ் மின்சார வண்டி 2004-இல் நின்றபோது கடைசி வாரம் டூட்டி பார்த்தவர் அவர். சாண்ட்டனில் அவ்வளவு ஆழத்தில் எஸ்கலேட்டரில் இறங்கியதைவிட இந்தத் தண்டவாளக் கணக்குதான் அவருக்குப் பெரிது. பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததற்கு ஒரு காவலர் விரலை ஆட்டினாராம். "சரியா செய்றான், நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

ரோஸ்பேங்கில் டாக்ஸி ஏழு நிமிஷத்தில். டிரைவர் ஸிம்பாப்வேக்காரர். ராஜா சொன்ன கூட்டமும் இல்லை, மாமி பயந்ததும் நடக்கவில்லை. 12:10-க்குக் கல்லறைத் தோட்டம். வாசலில் இருந்தவருக்கு வள்ளியம்மை என்ற பெயர் புரியவில்லை, காந்தி என்றதும் புரிந்தது. அவரே கூட்டிக்கொண்டு போனார். வழியில் இனோக் சொன்டோங்காவின் நினைவிடம், இந்த நாட்டின் தேசிய கீதத்தில் பாதி அவருடையது. டிரைவர் அங்கே தொப்பியைக் கழற்றினார். அந்த ஆள் அங்கே புதைக்கப்பட்டிருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம்.

சமாதி மேல் ஜக்கராண்டா பூ கொட்டிக் கிடந்திருக்கிறது, கல்லே தெரியாமல். பெரியப்பா தோள்துண்டால் முதலில் வள்ளியம்மையின் கல்லைத் துடைத்தார், பிறகு நாகப்பனுடையதை. துடைக்கத் துடைக்க மேலேயிருந்து மறுபடி விழுந்துகொண்டே இருந்ததாம். அந்த ஊதாச் சாயம் துண்டில் இன்னும் இருக்கிறது. துவைக்கப் போட்டேன், கொடுக்க மாட்டேன் என்கிறார்.

2:45-க்கு ஏர்போர்ட். பிறகு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஒரு மணி நேரம் அங்க இருந்திருக்கலாம், உங்க வாத்தியார் ரொம்ப பயந்த சுபாவம்" என்று சொல்லச் சொன்னார்.

விசா_வாத்தியார்
ஞாயிறு, மாலை 4:15

இமிக்ரேஷன் வரிசை மூன்று மணி நேரம் ஆன நாளும் உண்டு என்று சொல்லுங்கள். பயந்த சுபாவத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

மிட்ராண்ட்_மாமி
ஞாயிறு, மாலை 4:50

அன்னிக்கு ஒன்றரை மணிக்கு எனக்கு போன் பண்ணினார். நான் பதறிண்டு எடுத்தேன். "ஒண்ணும் இல்லம்மா, ரோஸ்பேங்க்ல பில்டர் காபி கிடைக்குமா?"ன்னார். கிடைக்காது, அடுத்த தடவை மிட்ராண்ட்ல இறங்குங்கோ, கௌட்ரெயின் இங்கேயும் நிக்கும்னு சொல்லிருக்கேன். திரும்பிப் போற அன்னிக்கு எத்தனை மணி நேரம் ட்ரான்ஸிட்?

டர்பன்_பேத்தி
ஞாயிறு, இரவு 8:02

செந்தில் அண்ணா, பெரியப்பா போட்டோ எடுத்தாரா? கல்லைத் துடைத்த பிறகு எடுத்தது. ஆயாவுக்குக் காட்ட வேண்டும். அவளுக்கு 88 வயது, ஜோபர்க் வரை இனி வர மாட்டாள்.

கேப்டவுன்_செந்தில்
ஞாயிறு, இரவு 8:20

மாமி, அஞ்சு மணி நேரம்தான். வாத்தியாரைக் கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்.

தங்கச்சி, பதினாலு போட்டோ இருக்கு. அதில் ஒன்பது தண்டவாளம். மீதி அஞ்சையும் இப்பவே அனுப்பறேன்.